மூன்று சட்டங்களும் ஒரு விறகுக்கட்டும்

தலைச்சுமைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் துணிச்சுருளுக்குத் தமிழில் சும்மாடு என்று பெயர். கன்னடத்தில் அது சிம்பி, மராத்தியில் சும்பள். தலைச்சுமையாகக் கட்டிய விறகை மராத்தியர் மோளி என்பர். புனே நகருக்கு மேற்கே சஹ்யாத்ரி மலைச்சரிவுகளிலும், தெற்கே புரந்தர் மலைப்பகுதியிலும் வாழ்ந்த நிலமற்ற மக்களுக்கு இவ்விரண்டும் அன்றாடப் பிழைப்பின் சொற்கள்.

அதே நிலப்பரப்பில் புழங்கிய மற்றொரு சொல் ஜோகிம். இந்தியிலும் மராத்தியிலும் அதன் முதற்பொருள் ஆபத்து. இந்தி அகராதிகள் அதற்கு இன்னொரு பொருளையும் தருகின்றன: பணம், நகை போன்ற விலைமதிப்புள்ள உடைமை. வைத்திருப்பவருக்கு ஆபத்தை வருவிக்கும் பொருள் என்பதால், ஆபத்தின் பெயரே பொருளுக்கும் பெயராயிற்று. நகையை மடியில் முடிந்துகொண்டு வழிப்பயணம் புறப்பட்டவரின் அச்சம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

மோளியும் ஜோகிமும் ஒரே மலைப்பாதைகளில் சென்றன. ஒன்று ஊரறியத் தலைமேல் சென்றது. மற்றது எவர் கண்ணிலும் படாமல் இடுப்பில் சென்றது. முதற்சுமையைத் தூக்கிய மலைக்குடிகளுள் ஒரு பிரிவினரே இரண்டாம் சுமைக்குக் காவலாகவும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களுடைய விறகு களவுப்பொருளாயிற்று. அவர்களுடைய காவல், கொள்ளைக்கான சாக்கு எனப்பட்டது. பொன்னைக் கொண்டுசென்ற வணிகரின் வழக்காறு மட்டும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் புனேயின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மலை இறங்கி நகரம் எழுந்தது

புனே 18ஆம் நூற்றாண்டில் பேஷ்வாக்களின் தலைநகராக வளர்ந்தது. முதலாம் பாஜிராவ் 1730இல் தொடங்கி 1732இல் முடித்த சனிவார் வாடாவுக்குத் தேக்கு ஜுன்னர் காடுகளிலிருந்து வந்தது. கல் சிஞ்ச்வடிலிருந்தும் சுண்ணாம்பு ஜெஜுரியிலிருந்தும் வந்தன. அரண்மனைக்கு வந்த தேக்கின் கதையை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதே காடுகளிலிருந்து நாள்தோறும் வந்த விறகின் கதையைச் சொல்வோர் குறைவு.

ஒரு நகரத்துக்கு விறகு தேவைப்படும் இடங்கள் பல. வீட்டு அடுப்பு, குளியலுக்கான வெந்நீர்க் கொப்பரை, திருமணச் சமையல், வெல்லம் காய்ச்சும் உலை, சுண்ணாம்புக் காளவாய், ஆற்றங்கரைச் சிதை என்று பிறப்பு முதல் இறப்பு வரை அது வேண்டும். மாட்டுவண்டியில் வந்த விறகு வணிகருடையது. தலையில் வந்த விறகு ஏழையுடையது. மகாதேவ் கோலிகள், தாக்கர்கள், காத்கரிகள், ரமோஷிகள் முதலான மலையோர மக்களுள் நிலமற்றோருக்கும், நிலமிருந்தும் ஒரு போக விளைச்சலுக்கு மேல் காணாதோருக்கும், அறுவடைக்கும் மழைக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில் கையில் காசு பார்க்கும் வழிகளாக விறகும் புல்லும் கரியும் இருந்தன. காத்கரி என்ற பெயரே ஒரு மரத்தொழிலிலிருந்து வந்தது. காத் என்பது காசுக்கட்டி. கருங்காலி மரத்தின் வைரத்தைக் காய்ச்சி அதை எடுப்பவர் காத்கரி.

விறகு விற்பனையில் ஒரு கொடுமை உண்டு. அதன் எடை அதிகம், விலையோ சொற்பம். விடியற்காலையில் புறப்பட்டு, பல மைல் நடந்து, நகரை அடைந்த பெண்ணால் விற்காத சுமையைத் திருப்பி எடுத்துச் செல்ல இயலாது. வாங்குவோருக்கும் அது தெரியும். எனவே வெயில் ஏற ஏற விலை இறங்கும். விறகுச் சுமைகாரியின் முதல் பகை வழிப்பறிக்காரன் அன்று, பொழுது சாய்வதே.

பொன் வைத்திருந்தவரின் நிலை வேறு. பொன்னின் எடை குறைவு, விலை அதிகம். நாளைக்கும் அடுத்த ஆண்டுக்கும் அதை வைத்திருக்கலாம். அதற்கிருந்த பகை வழி ஒன்றுதான்.

தாளில் பயணித்த பொன்

பேஷ்வாக்கள் காலத்தில் ஆண்டுதோறும் சிராவண மாதத்தில் புனேயில் தட்சிணை வழங்கும் விழா நடந்தது. பர்வதி மலையடிவாரத்தில் ரமணா எனப்பட்ட மதிலடைப்புக்குள் பல தேசத்து வேதியர் கூடிப் பணம் பெற்றனர். விழா முடிந்ததும் அவர்கள் அனைவரும் பணத்துடன் ஊர் திரும்ப வேண்டும். மழைக்காலம், பெருக்கெடுத்த ஆறுகள், போர் காட் போன்ற செங்குத்தான கணவாய்கள். கூட்டமாகச் செல்வது, ஏழைக்கோலம் பூணுவது, பணத்தைத் துணிப்பையில் இட்டு இடுப்போடு கட்டிக்கொள்வது ஆகியவை சிறுதொகைக்கான வழிகள். பெருந்தொகைக்கு வேறு வழி இருந்தது. அதன் பெயர் ஹுண்டி.

தமிழருக்கு இச்சொல் அயலானதன்று. கோயிலில் காணிக்கை இடும் உண்டியலும், நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் எழுதிய உண்டியலும் இந்தச் சொல்லின் தமிழ் வடிவங்களே. புனேயில் ஒரு சாவுகாரிடம் பணத்தைச் செலுத்தினால், அவர் காசியிலோ சூரத்திலோ உள்ள தம் குமாஸ்தாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். பயணி அத்தாளை எடுத்துச் சென்று, அங்கே பணத்தைப் பெற்றுக்கொள்வார். தாளைக் காட்டியதும் பணம் தருவது தர்ஷனி ஹுண்டி. தவணை முடிந்த பின் தருவது முத்ததி ஹுண்டி. இச்சேவைக்குச் சாவுகார் எடுத்துக்கொண்ட தரகு மராத்தியில் ஹுண்டணாவள் எனப்பட்டது.

திருடனுக்கு இத்தாளால் பயன் இல்லாதவாறு அதன் அமைப்பே இருந்தது. ஷாஜோக் ஹுண்டிக்கு ஊரறிந்த, நாணயமான ஒரு வணிகர் மூலமாகவே பணம் பெற முடியும். தாளைப் பறித்தவன் எந்த வணிகரை அழைத்து வருவான்? தொகையைத் திருத்திவிடாதபடி, முழுத்தொகையை எழுதி, அதன் பாதியையும் எழுதி, அப்பாதியின் இருமடங்கு என்று மீண்டும் எழுதுவர். தாள் தொலைந்தால் அதற்கு மறுபடி உண்டு. அதற்குப் பேண்ட் என்று பெயர். அதுவும் தொலைந்தால் மூன்றாம் படியாகிய பர்பேண்ட் உண்டு. சரக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் மட்டுமே பணம் செலுத்த வேண்டிய ஜோக்மி ஹுண்டியும் இருந்தது. இது கடன்சீட்டும் காப்பீடும் ஒன்றான வடிவம். சுங்கம், கூலி, வழிச்செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகைக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பேற்ற ஹுண்டேகரிகளும் அச்சாலைகளில் இருந்தனர்.

இத்தனை ஏற்பாடுகளும் எந்த அரசின் சட்டத்திலும் எழுதப்படாதவை. வழிவழி வந்த வழக்காறும், பெயர் கெட்டால் பிழைப்பு கெடும் என்ற அச்சமுமே அவற்றைத் தாங்கின. தாள் இல்லாமல் கைப்பணத்தோடு பயணம் செய்தவரின் கதி என்ன என்பதற்கு விஷ்ணுபட் கோட்ஸே சாட்சி. கொங்கணத்து வர்சயி கிராமத்தைச் சேர்ந்த அந்த ஏழை வேதியர், வட நாட்டில் நடக்கவிருந்த ஒரு பெருவேள்வியில் தட்சிணை பெறும் நோக்கத்துடன் 1857இல் சிற்றப்பருடன் புறப்பட்டார். சிப்பாய் எழுச்சியின் நடுவில் சிக்கி, ஜான்சி முற்றுகையையும் நேரில் கண்டார். ஈட்டிய பணம் வழியிலேயே பறிபோயிற்று. வீடு திரும்பியபோது அவரிடம் மிஞ்சியிருந்த செல்வம் கங்கை நீரே. அவருடைய பயண நினைவுகள் 1907இல் நூலாயின.

அடிச்சுவடு நின்ற ஊர்

ஆனால் எல்லாப் பொருளும் தாளாக மாறிவிடாது. அரசின் கருவூலப் பணம், மணப்பெண்ணின் நகை, சந்தைக்குச் செல்லும் வணிகரின் முதல் ஆகியவை உடலோடும் மாட்டோடும் சென்றே ஆக வேண்டும். அங்கேதான் ரமோஷிகள் வருகிறார்கள்.

ரமோஷி என்ற பெயருக்கு இரண்டு மூலங்கள் சொல்லப்படுகின்றன. ராமவம்சி, அதாவது ராமன் குலத்தவர் என்பது அம்மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட விளக்கம். ரானவாசி, அதாவது காட்டில் வாழ்வோர் என்பது மற்றது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியம் இச்சொல்லைத் தனிப் பதிவாகவே கொண்டிருக்கிறது. காட்டோடு அவர்களுக்கிருந்த உறவைப் பெயரிலேயே கேட்ட விளக்கம் ஒன்று. நாட்டோடு உறவு கொண்டாடிய விளக்கம் மற்றொன்று. அவர்கள் வாழ்ந்ததும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

மூன்றாம் ஆங்கிலேய-மராட்டியப் போர் முடிந்தபின், பேஷ்வாவிடமிருந்து கைப்பற்றிய நாட்டைப் பற்றி மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1819இல் விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். கிராமக் காவலரின் கடமையை அவர் அதில் விளக்குகிறார். இரவில் களவு நடந்தால் கள்ளனைக் கண்டுபிடிப்பது காவலரின் பொறுப்பு. அவர் கள்ளனின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்வார். சுவடு தம் ஊர் எல்லையைக் கடந்து அடுத்த ஊருக்குள் நுழைந்ததை அவ்வூர்க் காவலர் ஒப்புக்கொள்ளும்படி காட்டிவிட்டால், பொறுப்பு அவர் தோளுக்கு மாறும். அவர் அதற்கடுத்த ஊர் வரை தொடர வேண்டும். சுவடு எந்த ஊரில் மறைகிறதோ, அந்த ஊர் கள்ளனை ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் தன் சக்திக்கு ஏற்பப் பொருளின் மதிப்பை ஈடுசெய்ய வேண்டும்.

ஹுண்டி எப்படிக் கைமாறிக் கைமாறிச் செல்கிறதோ, அப்படியே இங்கே பொறுப்பு ஊர்மாறிச் செல்கிறது. இரண்டும் எழுதாச் சட்டங்கள். இரண்டிலும் இறுதியில் பணம் தர வேண்டியவர் யார் என்பதில் ஐயம் இல்லை. இக்காவலுக்கு ஈடாக ரமோஷிகளுக்கு ஊர்த் தானியத்தில் பங்கும், சில இடங்களில் மானிய நிலமும், கோட்டைகளைக் காத்தவர்களுக்குத் தனி உரிமைகளும் இருந்தன. காட்டுக்குள் சென்று விறகு, புல், தேன் எடுப்பதை எவரும் உரிமை என்று பெயரிட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. காட்டை அறியாதவரால் அடிச்சுவட்டைப் படிக்க முடியாது. விறகுக்குச் சென்ற கால்களே காவலுக்கும் வழி கற்றன.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான ஏற்பாடு பாடிகாவல். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்க்காவலுக்கான வரியாகவே அச்சொல் வருகிறது. பிற்காலத்தில் பாளையக்காரர்களும் கள்ளர், மறவர் சமூகத்தினரும் காவல் உரிமை வைத்திருந்தனர். களவுபோன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்ற கட்டணமும் இருந்தது. காவலும் களவும் ஒரே கையில் இருந்தன என்று குற்றம்சாட்டுவது எளிது; கூலி தராத ஊரில் காவலரே களவாடியது இங்கும் அங்கும் நடந்ததுதான். எனினும் அந்த ஏற்பாட்டில் காவலருக்கு முகவரி இருந்தது. அவரிடம் ஈடு கேட்க முடிந்தது. எல்பின்ஸ்டனும் அதன் குறைகளை அறிந்தே அதன் பயனைப் பதிவு செய்தார்.

புரந்தரின் மகன்

காவல் உரிமை உடைந்த கதை ஒரு மனிதரின் வாழ்வில் துலங்குகிறது. உமாஜி நாயக் 1791இல் புரந்தர் மலைக்கருகே பிவடி கிராமத்தில் ரமோஷிக் குடும்பத்தில் பிறந்தார். புரந்தர் கோட்டைக் காவல் அவருடைய முன்னோரின் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாஜிராவ் அக்காவலை அவர்களிடமிருந்து பறித்தார். 1818க்குப் பின் வந்த கம்பெனி ஆட்சி மலைக்கோட்டைகளின் காவற்படைகளைக் கலைத்தது. வேலையும் மானியமும் இழந்தோர் பெருகினர். 1820களின் நடுவில் மழையும் பொய்த்தது.

1826 முதல் உமாஜியின் படை புனே, சாத்தாரா பகுதிகளில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து நின்றது. கம்பெனி கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. அடக்க முடியாத நிலையில் அவரை மன்னித்து, அதே பகுதியின் காவல் பொறுப்பையே சம்பளத்துடன் அவருக்குத் தந்தது. அதாவது, பறித்த உரிமையைக் கூலி வேலையாக்கித் திருப்பித் தந்தது. அந்த உடன்பாடு நிலைக்கவில்லை. உமாஜி மீண்டும் எழுந்தார். 1831 டிசம்பரில் பிடிபட்டார். 1832 பிப்ரவரி 3 அன்று புனேயில் தூக்கிலிடப்பட்டார்.

அவரைச் சிறையில் விசாரித்த கேப்டன் அலெக்சாண்டர் மெக்கின்டாஷ், ரமோஷிகளின் தோற்றத்தையும் நிலைமையையும் உமாஜியின் வாழ்க்கையையும் பற்றி எழுதிய நூல் 1833இல் பம்பாயில் வெளிவந்தது. அவர்களுடைய குழூஉக்குறிச் சொற்களையும் அவர் அதில் திரட்டினார். தூக்கிலிட்ட ஆட்சியின் அதிகாரியே அம்மக்களின் முதல் வரலாற்றையும் எழுதினார் என்பதால், அந்நூலை இருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. முதல் வாசிப்பில் அது ஒரு கொள்ளைக்கூட்டத்தின் கதை. இரண்டாம் வாசிப்பில் பறிபோன உரிமைகளின் பட்டியல்.

ரயில் வந்த பிறகு

புனேயையும் கொங்கணத்தையும் இணைத்த போர் காட் கணவாயில் 1830இல் வண்டிச்சாலை திறக்கப்பட்டது. கண்டாலாவிலிருந்து புனேக்கு ரயில் 1858இல் ஓடியது. கணவாய் ஏற்றத்துப் பாதை 1863இல் முடிந்தது. அதன் கட்டுமானத்தில் பல்லாயிரம் தொழிலாளர் ஈடுபட்டனர். மலையிலேயே இறந்தோரும் மிகப் பலர்.

ரயில் இரண்டு சுமைகளின் விதியையும் மாற்றியது. பொதிமாடுகளில் உப்பையும் தானியத்தையும் ஏற்றித் தக்காணம் முழுதும் சுற்றிய பஞ்சாராக்கள், தமிழகத்தில் லம்பாடிகள் எனப்படுவோர், தங்கள் பாதையை இழந்தனர். முகலாயப் படைகளுக்கும், திப்புவுக்கு எதிரான போர்களில் ஆங்கிலப் படைக்கும் தானியம் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள். பொதி போனபின் அவர்களுள் பலர் காட்டோரம் தண்டா அமைத்துத் தங்கினர். விறகும் மூங்கிலும் வெட்டி ஊர்களில் விற்றுப் பிழைத்தனர். ஒரு காலத்தில் பிறருடைய பொருளைப் பொறுப்பேற்றுத் தூரதேசம் கொண்டு சென்ற கைகள், விறகுக்கட்டுக்கு வந்து சேர்ந்தன.

அதே நேரத்தில் ரயிலுக்கும் மரம் வேண்டியிருந்தது. தண்டவாளத்தின் அடிக்கட்டைகளுக்குத் தேக்கு தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின்களே நெடுங்காலம் விறகில் ஓடின. பம்பாய் மாகாணத்தில் 1847இலேயே மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன் தலைமையில் வனக் காப்பு அலுவல் தொடங்கியிருந்தது. அரசு மரத்தை எண்ணத் தொடங்கியதும், அதுவரை எண்ணப்படாத விறகுக்கட்டுகள் கணக்கில் குறைவாகத் தெரியத் தொடங்கின.

1871, 1878, 1881

இந்த இடத்தில் மூன்று சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் பத்தாண்டுகளுக்குள் பிறந்தவை. மூன்றும் எழுதாத வழக்காறு ஒன்றை எதிர்கொண்டவை.

முதலாவது, 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். முதலில் வட இந்தியாவுக்கு இயற்றப்பட்ட இது, 1911இல் பம்பாய், சென்னை உட்பட நாடு முழுமைக்கும் விரிந்தது. ஒரு சமூகத்தையே குற்றக்குழு என்று அறிவிக்கவும், அதன் உறுப்பினரைப் பதிவு செய்யவும், நடமாட்டத்துக்கு எல்லை வகுக்கவும் அது அதிகாரம் தந்தது. எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும்.

இரண்டாவது, 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம். காடுகளை ஒதுக்கப்பட்டவை, பாதுகாக்கப்பட்டவை எனப் பிரித்து, ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதிக்கப்படாத எல்லாவற்றையும் குற்றமாக்கியது. அதை உருவாக்கியோருள் பேடன்-பவல், காட்டைப் பயன்படுத்திய வழக்காறு உரிமை ஆகாது, அரசு தந்த சலுகை மட்டுமே என்று வாதிட்டார். அந்த வாதமே வென்றது. வனப்பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அனுமதிச் சீட்டு முறையையும் இச்சட்டம் தந்தது. இச்சட்டத்தின் கீழ் எழும் வழக்கில், பொருள் அரசுடையதா என்ற வினா வந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது அரசுடையது என்றே கொள்ளப்படும். தலையில் விறகுக்கட்டுடன் நிற்கும் பெண்தான் அது தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். சென்னை அரசு இச்சட்டத்தை ஏற்கத் தயங்கி, 1882இல் தனக்கெனத் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டது.

மூன்றாவது, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். காசோலை, உறுதிமொழிச் சீட்டு, மாற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய அது, தன் முதற்பிரிவிலேயே ஒரு விலக்கு தந்தது. கீழை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் பற்றிய உள்ளூர் வழக்காறுகளை இச்சட்டம் பாதிக்காது. அதாவது ஹுண்டியும் உண்டியலும், வணிகர் தமக்குள் வகுத்துக்கொண்ட மரபுப்படியே தொடரலாம். நீதிமன்றமும் அம்மரபை விசாரித்து அறிந்து தீர்ப்பளிக்கும்.

வணிகரின் வழக்காறு சட்டமாக மதிக்கப்பட்டது. விறகு சுமந்தோரின் வழக்காறு சலுகையாகச் சுருங்கியது. காவல் காத்தோரின் வழக்காறு குற்றத்தின் அடையாளமாயிற்று. ஹுண்டி ஒரு தாள். வனத்துறை அனுமதி ஒரு தாள். குற்றப் பரம்பரையினர் வெளியூர் செல்லும் சீட்டும் ஒரு தாள். முதல் தாள் பொருளை வழியின் ஆபத்திலிருந்து விடுவித்தது. மற்ற இரண்டும் இல்லாதவரை வழியிலேயே நிறுத்தின.

இதில் ஒரு முரண் உண்டு. பம்பாய் மாகாணக் காவல்துறைத் தலைவர் மைக்கேல் கென்னடி 1908இல் வெளியிட்ட குற்றக் குழுக்கள் பற்றிய கையேட்டில் ரமோஷிகள் இடம்பெற்றனர். அதே காலகட்டத்தில் புனேயின் ஐரோப்பியர் தங்கள் பங்களாக்களின் இரவுக் காவலுக்கு ரமோஷிகளையே வைத்துக்கொண்டனர். கையேட்டில் திருடர் எனப்பட்டவரின் கையில்தான் வெள்ளித்தட்டும் பேழையும் இருந்த வீடு இரவு முழுவதும் இருந்தது. அவர்களை அமர்த்தாவிட்டால் அவர்களே திருடுவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். பழைய ஊர்க்காவலில் இருந்த ஈட்டுப் பொறுப்பு, மானியம், மரியாதை யாவும் உதிர்ந்து, அச்சம் ஒன்றே மிஞ்சிய நிலை அது.

எழுந்த குரல்கள்

இவை எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. 1876-78 தக்காணப் பஞ்சத்தின் பின், புனேயில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த வாசுதேவ் பல்வந்த் பட்கே 1879இல் ஆயுதம் ஏந்தினார். அவர் பின் திரண்டோருள் ரமோஷிகளே முதன்மையானவர்கள். அவருடைய படைத்துணைவர் தௌலத்ராவ் நாயக்கும் ரமோஷிதான். பட்கே ஏடனுக்கு நாடுகடத்தப்பட்டு 1883இல் அங்கேயே இறந்தார். வரலாற்று நூல்களில் அவர் பெயர் பெரிதாகவும், அவரோடு நின்ற காவற்குடியினரின் பெயர்கள் சிறிதாகவும் நிற்கின்றன.

எழுத்தில் எழுந்த குரல் ஜோதிராவ் புலேயுடையது. புனேவாசியான அவர் 1883இல் எழுதி முடித்த ‘ஷேத்கர்யாச்சா அசூட்’, அதாவது ‘உழவனின் சாட்டை’, வனத்துறை ஏழைக் குடியானவரின் மேய்ச்சலையும் காட்டுப் பிழைப்பையும் அடைத்துவிட்டதைக் கடுமையாகச் சாடியது. தாணா, கொலாபா மாவட்டங்களில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாகப் பம்பாய் அரசு 1885இல் வன ஆணையம் ஒன்றை அமைத்தது. அது மக்களின் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்தது. சட்டத்தின் அடித்தளம் மாறவில்லை. 1878இன் கட்டமைப்பே 1927ஆம் ஆண்டின் வனச் சட்டத்திலும் தொடர்ந்தது.

தமிழகத்தில் 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் குற்றப் பரம்பரைப் பதிவை ஏற்க மறுத்தனர். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பறிபோயின. பாடிகாவல் கொண்டிருந்த சமூகம் ஒன்று அடைந்த முடிவு அது. புரந்தருக்கும் பெருங்காமநல்லூருக்கும் இடையே தூரம் அதிகம், கதை ஒன்று.

இன்னும் முடியாத கணக்கு

குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. மகாராஷ்டிராவில் அச்சமூகங்களுக்கு விமுக்த ஜாதிகள், அதாவது விடுவிக்கப்பட்டோர் என்ற பெயர் வந்தது. அப்பட்டியலில் ரமோஷியும் பஞ்சாராவும் அருகருகே இருக்கின்றனர்: காவலிழந்தவரும் வழியிழந்தவரும்.

வனத்தின் பக்கம் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டு மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. இந்தியச் சட்டமொழியில் அது அரிய சொற்றொடர். புனே மாவட்ட மலைகளில் வாழும் மகாதேவ் கோலிகளும் தாக்கர்களும் காத்கரிகளும் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால், அச்சட்டத்தின் கீழ் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். ரமோஷிகள் அப்பட்டியலில் இல்லை. ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற பிரிவில்தான் அவர்கள் கோர முடியும். அதற்கு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும். முதியோரின் வாய்மொழியும் சான்றாக ஏற்கப்படும். ஆயினும் 2005இலிருந்து 75 ஆண்டுகள் பின்னே சென்றால் வருவது 1930. ஒரு சமூகம் எங்கே வாழலாம், எங்கே செல்லலாம் என்பதைப் பதிவேடும் அனுமதிச் சீட்டும் தீர்மானித்த காலம் அது.

ரானவாசி என்ற பெயர்விளக்கம் சரியெனில், காட்டில் வாழ்ந்ததற்கான சான்று அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. எந்த அலுவலகமும் சொற்பிறப்பியலைச் சான்றாக ஏற்பதில்லை. ஏற்க வேண்டும் என்பதும் இங்கு வாதம் அன்று. எந்த வழக்காறு சட்டமாகும், எது சலுகையாகும், எது குற்றமாகும் என்பதை வழக்காற்றின் தன்மை தீர்மானிப்பதில்லை. அதைக் கைக்கொண்டவர் யார் என்பதே தீர்மானிக்கிறது என்பதுதான் 1871, 1878, 1881 ஆகிய மூன்று ஆண்டுகள் சேர்ந்து சொல்லும் செய்தி. ஹுண்டியை மதிக்கத் தெரிந்த ஆட்சிக்கு, அடிச்சுவட்டை ஊருக்கு ஊர் கைமாற்றித் தந்த முறையை மதிக்கத் தெரியாமல் இல்லை. எல்பின்ஸ்டன் 1819இலேயே அதை எழுதி வைத்திருந்தார்.

இன்று பயணம் செய்பவர் பணத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார். ஜோகிம் என்ற சொல்லுக்கு நகையென்றும் பொருள் உண்டு என்பதை அகராதி திறந்தால்தான் அறிகிறார். மேற்கு மலைச்சரிவின் கிராமப் பாதைகளில் மாலை வேளையில் விறகுக்கட்டுடன் இறங்கும் பெண்கள் இன்னும் இருக்கின்றனர். எரிவாயு உருளை வீட்டுக்கு வந்த பின்னும், அடுத்த உருளைக்குக் காசு சேரும் வரை சும்பள் மூலையில் தயாராக இருக்கிறது. அந்தச் சுமை அவளுடையதா, அரசுடையதா என்ற வினா 1878இல் எழுந்தது. அதற்கான விடை இன்னும் அவள் தலைமேல்தான் இருக்கிறது.